நாலாவது கட்டம்

என் வாப்பா ஹமீது வாழ்நாள் முழுக்கப் பயந்தவர். போலீஸுக்கு, மழைக்கு, கூட்டமான லோக்கல் ரயிலுக்கு என்று எல்லாரும் பயப்படுவதற்கு அவரும் பயந்தார். அதற்கு மேல் அவருக்கே உரிய பயம் ஒன்று இருந்தது. நோட்டீஸ் டிசைனை பிரஸ்ஸுக்கு அனுப்பும் பொத்தானை அமுக்கும் பயம். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் அமுக்குவார். அமுக்கியதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வெளியே போய் ரோட்டில் நிற்பார்.

"திரையில தப்புன்னா ஒரு தப்பு. பிரஸ்ஸுக்குப் போயிட்டா அது ஆயிரம் தப்பு" என்பார்.

நான் ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் கருவிகளைப் பழுது பார்க்கும் இன்ஜினியர். என் வேலையில் தப்பு நடந்தால் வழி உண்டு. நிறுத்து, கழற்று, சரி செய்து மறுபடி ஓட்டு. வாப்பாவின் வேலையில் அது கிடையாது. காகிதம் மையைக் குடித்தால் குடித்ததுதான்.

வாப்பா இறந்து நாற்பதாம் நாள் பாத்திஹாவும் முடிந்துவிட்டது. அவருடைய போனுக்கு இன்னும் ஆர்டர் வருகிறது. நான் எடுத்துச் சொல்கிறேன். சிலர் 'இன்னாலில்லாஹி' சொல்கிறார்கள். சிலர் ஐயோ என்கிறார்கள். ஒருவர் மட்டும், அப்போ என் டியூஷன் நோட்டீஸ் ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். அவரைத்தான் எனக்குப் பிடித்தது.

கடை தாராவியின் லேபர் கேம்ப்பில், இட்லி மாவுக் கடைக்கும் மொபைல் ரிப்பேர் கடைக்கும் நடுவில். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு ஃபேன். வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்த புதிதில் குர்லாவில் அப்துல் ஹாதி என்பவரின் ஆஃப்செட் பிரஸ்ஸில் காகிதம் அடுக்கினார். அங்கே டிசைன் போடுகிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று போட்டோஷாப் கற்றுக்கொண்டார். பிறகு தனிக் கடை. அச்சு எப்போதும் ஹாதியிடம்தான்.

பிரியாணிக் கடைத் திறப்பு, பல் மருத்துவ முகாம், கோயில் கொடை, ஸ்கூல் அட்மிஷன் என்று எல்லா நோட்டீஸும் செய்வார். நம் ஆட்களின் முகம் போனில் எடுத்த படத்தில் பளிச்சென்று இருக்கும், அச்சில் கறுத்துவிடும். திரைக்குச் சொந்த வெளிச்சம் உண்டு, காகிதத்துக்குக் கிடையாது. ஆகவே படத்தை அச்சு மையின் நாலு நிறத்துக்கு மாற்றிய பிறகு முகத்தில் கறுப்பைக் குறைத்து மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றுவார். வெட்டும் கத்தி நகர்ந்தால் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க ஓரத்தில் நிறத்தை நீட்டி விடுவார். அனுப்புவதற்கு முன் பல மடங்கு பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்ப்பார்.

ஆனால் அவர் பேர் வாங்கியது கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில். முஸ்லிம்களான எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை. லேபர் கேம்ப்பில் மற்ற எல்லாருக்கும் உண்டு. மேலே அழுகிற இரண்டு கண்கள், நடுவில் முகம், கீழே தோற்றம், மறைவு, எடுக்கும் நேரம். உடலை எடுப்பதற்குள் முகம் சுவரில் இருக்க வேண்டும். ஹாதியின் பிரஸ்ஸில் அதற்கென்று ஒரு சட்டமே உண்டு. மௌத் வேலை, அதாவது சாவு நோட்டீஸ், வந்தால் மற்ற எல்லாம் நிற்கும்.

ஒருமுறை அப்படி அவசரமாக வந்த வேலையில், குடும்பம் கொண்டுவந்தது ஒரு குரூப் போட்டோ. முகம் கடலையளவு. வாப்பா அதைப் பெரிதாக்கினார். கட்டம் கட்டமாக உடைந்தது. மழுப்பினார். மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிட்டது. இறந்தவருடைய மகள் சுவருக்கு முன் நின்று, "இது எங்க அப்பா இல்ல" என்று அழுதாள். வாப்பா அன்று சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் 'ரெடி' என்ற ஃபோல்டர் வந்தது. கேம்ப்பில் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்து நிலைமை சரியில்லை என்று கேள்விப்பட்டால், அவருடைய நல்ல படம் ஒன்றைப் பழைய கொடை நோட்டீஸிலிருந்தோ கல்யாண ஆல்பத்திலிருந்தோ தேடி எடுப்பார். முடி, காது, மீசை என்று சுற்றிப் பொறுமையாக வெட்டுவார். முகத்தைச் சரி செய்வார். 'மறைவு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் காலியாக விடுவார். ஆள் பிழைத்து வந்தால் ஃபைலை அழித்துவிட்டுத் தெருவில் அவரைப் பார்த்து எல்லாரையும் விட அதிகமாகச் சந்தோஷப்படுவார்.

என் உம்மா சாயிராவுக்கு இது ஆகாது.

"உயிரெடுக்க வர்ற மலக்குல் மௌத்துக்கு முன்னாடி நீங்க போய் நிக்கிறீங்க. நல்லதுக்கில்ல."

"நான் எங்க நிக்கிறேன்? அவரு வந்தா எனக்கு மூணு மணி நேரம்கூடத் தர மாட்டாரு, சாயிரா."

நம்பிராஜன் அண்ணாச்சிக்கு நெஞ்சில் அடைப்பு என்று வந்தது. அவர் லேபர் கேம்ப் கொடைக் கமிட்டித் தலைவர், பாத்திரக் கடைக்காரர். நான் அவரை மாமா என்றும் அவர் மனைவி முருகம்மாளை மாமி என்றும் கூப்பிடுவேன். பேசினால் அடுத்த சந்துக்குக் கேட்கும். பைபாஸ் ஆபரேஷன் என்றார்கள். வாப்பா அவருக்கும் ஃபைல் தயார் செய்தார். கிடைத்த படம் ரிசப்ஷனில் எடுத்தது. ஊதா விளக்கின் கீழே அண்ணாச்சி கத்திரிக்காய் மாதிரி இருந்தார். நிறத்தை மாற்றிப் பார்த்தும் வாப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. அச்சில் எப்படி வரும் என்று ஒரு தாளிலாவது பார்க்க வேண்டும்.

சின்ன வேலைகளுக்குத் தனித்தனியாக அச்சு பிளேட் போட்டால் கட்டுப்படியாகாது. ஒரே பெரிய ஷீட்டில் நாலு நோட்டீஸை அடுக்கி ஒன்றாக அச்சடித்துப் பிறகு வெட்டுவார்கள். அந்த வாரம் வாப்பாவிடம் மூன்று வேலைதான் இருந்தது. நாலாவது கட்டம் காலியாக இருந்தால் வழக்கமாகத் தன் கடை நோட்டீஸை வைப்பார். இந்தத் தடவை அண்ணாச்சியை வைத்தார். வெட்டிய அந்த நோட்டீஸ் கட்டு எப்போதும் போலத் தன்னிடம்தான் வரும், ஒன்றைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கிழித்துப் போடலாம் என்பது அவர் எண்ணம். ஹாதியிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கம்.

பிரஸ்ஸில் ஷீட் வெட்டுகிறவர் பீகார்க்காரர். தமிழ் தெரியாது. ஆனால் அழுகிற இரண்டு கண்களைத் தெரியும். மௌத் வேலை, சட்டப்படி முதலில் போக வேண்டும். லேபர் கேம்ப்புக்கு பேனர் எடுத்துப்போக வந்திருந்த அல்தாபிடம் அந்தக் கட்டைக் கொடுத்துவிட்டார். அல்தாப் போஸ்டர் ஒட்டுகிறவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், தாராவியிலேயே பிறந்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது.

நான் அன்று லீவில் கடையில் இருந்தேன். காலைச் சாயா வந்திருந்தது. வாப்பாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், அண்ணாச்சிய எப்ப எடுக்காவ?"

"எந்த அண்ணாச்சிய?"

"என்ன பாய், விளையாடுதீரா? நம்பிராஜன் அண்ணாச்சியத்தான். கீழ உம்ம நம்பர்தான் போட்டிருக்கு. தேதியும் நேரமும் போட மறந்துட்டீரே."

வாப்பா போனை மேஜையில் வைத்தார். அதிலிருந்து "ஹலோ, ஹலோ" என்று வந்துகொண்டே இருந்தது. நான் அணைத்தேன். உடனே அடுத்த கால். அதற்கும் அதே கேள்வி. அல்தாபுக்கு நான்தான் போன் போட்டேன்.

"எத்தனை ஒட்டினீங்க?"

"டென்ஷன் வேணாம் பரீஹா. கேம்ப் பூரா போட்டாச்சு. ஸ்டேஷன் பக்கம் பாக்கி."

"அவர் உயிரோட இருக்கார்."

ஸ்கூட்டர் பிரேக் அடிக்கும் சத்தம் கேட்டது. "அர்ரே, யா அல்லா... நான் டபுள் பசை போட்டேனே."

வாப்பா அதற்குள் வாளியும் ஸ்டீல் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார். மாவுக் கடைச் சுவரிலேயே ஒன்று. அண்ணாச்சி எங்களைப் பார்த்துச் சிரித்தார். வாப்பா தண்ணீரை அடித்துச் சுரண்டினார். மைதாப் பசை இன்னும் ஈரம், ஆனால் காகிதம் பட்டை பட்டையாகத்தான் வந்தது. நெற்றி வந்தால் தாடை நின்றது.

போகிற ஒருவர் நின்றார். "ஏன் பாய் கிழிக்கீரு? செத்தவரு மேல என்ன கோவம்?"

"நேரம் விட்டுப்போச்சு. வேற ஒட்டணும்" என்றார் வாப்பா.

"அப்ப மதியத்துக்கு மேலதான் எடுப்பாவ போல. சரி, கடையச் சாத்திட்டு வாறேன்."

வாப்பா சொன்ன பொய் அவர் கண் முன்னாலேயே ரோட்டில் நடந்து போனது. அடுத்த சுவரில் இரண்டு, அதற்கடுத்து ஒரு கரண்ட் பெட்டியில், பிறகு பால்பூத்தில். நாங்கள் ஒன்றைச் சுரண்டும்போது அடுத்ததன் முன்னால் ஆள் கூடுவது தெரிந்தது.

"வாப்பா, சுவத்த விடுங்க. அவங்க வீட்டுக்குப் போகணும். முருகம்மாள் மாமி பார்க்கறதுக்குள்ள."

"அவரு பையன்மாரு என்னைக் கொன்னு போடுவானுவ."

"பையன்மார் ஆஸ்பத்திரில. மாமி தனியா இருப்பாங்க."

அதைக் கேட்டதும் ஸ்கேலை வாளியில் போட்டார். நடந்தார். வழியெல்லாம் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். பாதியில் நின்று என் கையைப் பிடித்தார். "பரீஹா, ஆபரேஷன் இன்னைக்கா?"

இன்றைக்குத்தான். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

வாசலில் ஏற்கெனவே செருப்புகள் கிடந்தன. ஒருவர் கையில் ரோஜா மாலை. உள்ளே முருகம்மாள் மாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குளித்த தலை காயவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் சோற்றுத் தூக்கு மடியில். அதன் மேல் நோட்டீஸ். அவர் அழவில்லை. ஒரு கையால் போனைக் காதில் வைத்திருந்தார், ஆஸ்பத்திரியில் மகன் எடுக்காமல் அது அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார்.

வாப்பா கும்பலை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். நான் பார்த்ததிலேயே அதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

"மதினி, அது பொய். நான் போட்டது. தப்பா வெளிய வந்துட்டு. அண்ணாச்சி இருக்காவ."

மாமி நிமிர்ந்து பார்த்தார். "உமக்கு யாரு சொன்னா?"

வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து சொன்னாவளா? பெரியவன் பேசுனானா?"

"இல்ல மதினி. நான் போடும்போது இருந்தாவ."

"இப்ப?"

மூலையில் ஒரு பாட்டையா, "விவரம் இல்லாம பாய் நோட்டீஸ் போட மாட்டாரு" என்று மெதுவாகச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது வாப்பாவுக்கு ஆதரவான பேச்சு. "பையன் அம்மைகிட்ட எப்படிச் சொல்லன்னு போன எடுக்காம இருப்பான்" என்றாள் இன்னொருத்தி. மாமியின் விரல் மறுபடி போனை அழுத்தியது. மறுபடி அடித்து நின்றது.

வாப்பாவைப் பார்த்தேன். அவர் நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் போட்டதை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது. நானும்தான். ஆயிரம் பிரதி அச்சான ஒன்று பொய்யாக இருக்க முடியாது என்று மனசு எங்கேயோ சொல்லியது.

அந்த ஆஸ்பத்திரியில் கருவிகள் பிரிவில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார், கிருஷ்ணா. வெளியே வந்து அவரைக் கூப்பிட்டேன். நோயாளி பெயர் சொன்னேன். காத்திருக்கச் சொன்னார். வாசலில் மாலைக்காரர் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைமாற்றிக்கொண்டிருந்தார். கீழே வைக்கக் கூடாதாம்.

கிருஷ்ணா திரும்பக் கூப்பிட்டார். "உள்ளதான் இருக்கார். பம்ப்ல இருக்கார். ஹார்ட்ட நிறுத்தியாச்சு, ரத்தக் குழாய் கிராஃப்ட் போயிட்டிருக்கு."

அந்த ஆபரேஷனில் அப்படித்தான். இதயத்தை நிறுத்திவிட்டு ரத்தத்தை ஒரு கருவி வழியாக ஓட்டுவார்கள். முடிந்ததும் இதயத்தை மறுபடி துடிக்க வைப்பார்கள். பெரும்பாலும் துடிக்கும். அந்த மாதிரி பம்ப்களையும் நான் கழற்றி மாட்டியிருக்கிறேன். அது எப்படிப் பழுதாகும் என்பதும் எனக்குத் தெரியும்.

உள்ளே போனேன். "மாமி, ஆபரேஷன் நடக்குது. மாமா இருக்காங்க" என்றேன். இதயம் நின்றிருப்பதைச் சொல்லவில்லை. வாப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு எதையோ புரிந்துகொண்டார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காத்திருந்தோம். வந்தவர்கள் போகவில்லை. எழுந்து போனால் எதை நம்பியதாக ஆகும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. யாரோ சாயா கொண்டுவந்து கொடுத்தார்கள். சாவு வீட்டில் குடிக்கிற மாதிரியே எல்லாரும் குடித்தார்கள். மாமி மட்டும் தூக்கை மடியிலிருந்து இறக்கவில்லை.

போன் அடித்தது. பெரிய மகன். மாமி ஸ்பீக்கரில் போடவில்லை. கேட்டார். "சரி" என்றார். மறுபடி "சரி" என்றார். வைத்துவிட்டு மாலைக்காரரைப் பார்த்து, "அதக் கொண்டு போயி கோயில்ல போடும்" என்றார். அப்போதுதான் வீட்டுக்குள் காற்று வந்தது.

பிறகு வாப்பாவிடம் திரும்பினார். "எந்திரும் பாய். அந்தப் படம் எங்க இருக்கு, காட்டும்."

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அவர் நேராக எங்கள் கடைக்கு வந்தார். தூக்கை ஸ்கேனர் மேல் வைத்தார். வாப்பா ஃபோல்டரைத் திறந்தார். அண்ணாச்சி தனியாக இல்லை. டயாலிசிஸுக்குப் போகிற ஒரு வாத்தியார், விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு கிழவி, இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லாரும் தெரிந்த முகம். எல்லாருக்கும் மேலே அழுகிற கண்கள்.

மாமி பின்வாங்கினார். "இவ்வளவு பேரா?"

"அவசரத்துல முகம் கெட்டுப் போயிருது மதினி. அதுக்குத்தான்..."

"நான் இருக்கேனா?"

"அல்லா சத்தியமா இல்ல."

அவர் நம்பவில்லை. குனிந்து, திரையில் விரல் படப்பட ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தான் இல்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை பார்த்தார். "எல்லாத்தையும் அழியும்" என்றார். வாப்பா அழித்தார். "குப்பைலயும் இருக்கக் கூடாது." அதையும் அழித்தார்.

"அவுககிட்ட யாரும் மூச்சு விடப்படாது. தெரிஞ்சா அந்த நெஞ்சு தாங்காது. தாங்கலன்னா அது உம்ம தலையில" என்று சொல்லிவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணாச்சி பிழைத்து வீட்டுக்கு வந்தார். மகன்மார் கடைக்கு வந்து ஒரு முறை கத்திவிட்டுப் போனார்கள், அடிக்கவில்லை. ஆனால் வாப்பாவுக்கு மாமியின் கடைசி வார்த்தை போகவில்லை. இன்று யாராவது சொல்லிவிடுவார்கள், இன்று அவருக்குத் தெரிந்துவிடும், நெஞ்சு நின்றுவிடும் என்று வருஷக்கணக்கில் பயந்தார். பாத்திரக் கடை இருக்கும் தெருவை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். அண்ணாச்சியின் குரல் கேட்டால் அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவார். 'ரெடி' ஃபோல்டர் மறுபடி வரவே இல்லை. கண்ணீர் அஞ்சலி வேலை வந்தால் அவசரத்தில் வெட்டினார். முகங்கள் கெட்டன. ஜனங்கள் வேறு கடைக்குப் போனார்கள். ஒரு தடவைகூட அதற்காக வருத்தப்பட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை.

போன மாதத்துக்கு முந்தின மாதம், பள்ளிவாசலில் மதிய லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யும் இடத்தில் வாப்பா சரிந்தார். எந்த முன்னறிவிப்பும் இல்லை. நான் தூரத்தில், முலுண்டில் ஒரு ஆஸ்பத்திரிக் கருவியைக் கழற்றிப் போட்டிருந்தேன். வருவதற்குள் முடிந்துவிட்டது.

சில நாள் கழித்து நம்பிராஜன் மாமா வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார், குரல் மட்டும் அப்படியே. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உம்மா இத்தாவில், வெளி ஆண்கள் முன் வராமல் உள்ளே இருந்தார். நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"மாமா, வாப்பா உங்களுக்குப் பயந்தே போய்ச் சேர்ந்தாங்க" என்றேன்.

"அந்த நோட்டீஸ் விசயமா?"

"தெரியுமா?"

"வீட்டுக்கு வந்த அன்னைக்கே தெரியும் எம்மா. ஆஸ்பத்திரிலேர்ந்து டாக்சில வந்து இறங்குதேன், எதிர்ச் சுவத்துல என் நெத்தியும் ஒரு கண்ணும். பாதி கிழிஞ்சு நிக்கி. உங்க மாமி அதப் பாத்துட்டு என் மொகத்தப் பாக்கா. நான் பாக்காத மாதிரி படியேறிட்டேன்."

"அப்ப ஏன் வாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? அவங்க உங்க தெருப்பக்கமே வரலை."

அவர் கையைப் பிசைந்தார். "வராம இருந்தாரே, அது எனக்கு நிம்மதில்லா. பயந்தது நான் எம்மா. தூரத்துல அவரு தொப்பியக் கண்டாலே சந்துக்குள்ள பூந்துருவேன். ஒரு தடவ என் மொகத்தத் தயாரா எடுத்து வச்ச மனுசன். மறுபடி பார்த்தா என்ன நினைப்பாரு? மெலிஞ்சிருக்கான், வெளுத்திருக்கான்னு நினைப்பாரா? வீட்டுக்குப் போயி எடுத்து வச்சிருவாரா? அவரு கண்ணுல பட்ட அன்னைக்கெல்லாம் எனக்குத் தூக்கம் கிடையாது."

இரண்டு பேரும் ஒரே ரோட்டில், எதிரெதிர்ச் சந்துகளில் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள்.

"செத்தவரப் பத்தி இப்படிச் சொல்லப்படாது" என்றார். குரல் முதல் முறையாக இறங்கியது. "அவரு போயிட்டாருன்னு வந்து சொன்னாவ. முதல்ல எனக்கு மூச்சு வந்தது. பொறவுதான் அழுகை."

நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.